ரஹீம் சாகிபும் பந்தாட்ட அறமும்

மாலை வேளைகளில் நம் குடியிருப்புகளின் வெற்றிடங்களில் பிள்ளைகள் பந்துதைப்பதைக் காணாத பெற்றோர் இரார். அங்கே நடுவர் என்று ஒருவர் இல்லை. கோல் கம்பமும் இல்லை. இரண்டு செங்கற்களே எல்லை. ஆயினும் ஒருவன் மற்றொருவனைக் காலிடறி வீழ்த்திவிட்டால், மூன்றாமவன் உடனே தன் சட்டைப்பையிலிருந்து ஏதேனும் ஒரு சிவப்புக் காகிதத்தை, அதுவும் இல்லையேல் வெறுங்கையை, உயர்த்திக் காட்டுகிறான். இடறியவன் களத்தைவிட்டு வெளியேற வேண்டும் என்பது அதன் பொருள். அவன் வெளியேறுவதில்லை என்பது வேறு செய்தி.

இந்தச் சிவப்பு அட்டை பந்தாட்டம் பிறந்த நாள்தொட்டே உள்ளதென்று பிள்ளைகள் எண்ணுகின்றனர். உண்மையில் நம்மிடையே உள்ள முதியோர் பலர் அதற்கு மூத்தவர்கள். 1970-ஆம் ஆண்டு மெக்ஸிகோவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில்தான் மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும் முதன்முதலாக உலகக் கோப்பைக் களத்துக்கு வந்தன. அதற்கு முன்பு நடுவரிடம் இருந்தவை ஒரு விசில், ஒரு குறிப்பேடு, ஒரு பென்சில், இவ்வளவே. அந்நாளில் இருபத்திரண்டு இளைஞர்களின் கால்களையும் கோபத்தையும் கட்டி வைத்தது எது? இவ்வினாவுக்கு விடை தேடி நாம் கடல் கடந்து போகவேண்டியதில்லை. பிழைப்பை நாடி வந்து நாம் வேரூன்றிய இந்த ஹைதராபாத் நகரத்திலேயே அவ்விடை இருக்கிறது. அதன் பெயர் சையத் அப்துல் ரஹீம்.

ரஹீம் சாகிப் 1909-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள் ஹைதராபாத்தில் பிறந்தவர். உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். பட்டம் பெற்றபின் இந்நகரத்துப் பள்ளிக்கூடங்களில் ஆசிரியராகப் பணியாற்றியவர். உடற்பயிற்சிக் கல்வியில் தனியே பட்டயமும் பெற்றார். நாட்டுக்கே பயிற்சியாளராக உயர்ந்த பின்னரும் அவரிடம் பள்ளி ஆசிரியரின் தோரணை மாறவில்லை என்றே அவரிடம் பயின்றோர் சொல்லக் கேட்கிறோம். ஹைதராபாத் நகரப் போலீஸ் அணி அவர் கையில் உருப்பெற்றது. 1950 முதல் 1954 வரை ஐந்தாண்டுகள் இடைவிடாமல் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை அவ்வணி வென்றது. 1950-இல் மோகன் பகான் அணியை வீழ்த்தி டூரண்டு கோப்பையையும் கொணர்ந்தது. கல்கத்தாவே பந்தாட்டத்தின் தலைநகரம் என்றிருந்த காலத்தில், தக்காணத்துப் போலீஸ்காரர்கள் சிலர் சென்று அத்தலைநகரத்தின் பெருமையைக் கேள்விக்குள்ளாக்கினர் என்றால், அது சிறிய காரியமன்று.

அவர் பயிற்றுவித்த முறையைச் சற்று விரித்துக் கூறவேண்டும். நம் பொருளின் கரு அங்கேதான் உள்ளது. அந்நாளைய இந்திய ஆட்டக்காரர் ஒருவர் பந்தைப் பெற்றால் அதனைக் காலோடு ஒட்டவைத்துக்கொண்டு இருவரையும் மூவரையும் ஏய்த்துப் போவதையே கலையென மதித்தார். பார்ப்போரும் அதற்கே கைதட்டினர். ரஹீம் சாகிப் இதனை மறுத்தார். பந்தை வாங்கியவுடன் தட்டிவிடு, தட்டிவிட்டவுடன் வெற்றிடத்துக்கு ஓடு என்பதே அவர் பாடம். இதனைப் பழக்குவதற்கென்றே பந்தை ஏய்த்துக் கொண்டுபோகக் கூடாதென்ற விதியோடு இந்நகரத்தில் போட்டிகள் நடத்தினார். பலங்குன்றிய காலால் மட்டுமே உதைக்கவேண்டும் என்ற விதியோடும் போட்டிகள் வைத்தார். வலக்காலன் இடக்காலால் உதைக்கவேண்டும். இடக்காலன் வலக்காலால் உதைக்கவேண்டும். வேடிக்கை பார்க்க வந்தோர் சிரித்திருப்பர். ஆனால் அச்சிரிப்புக்கிடையே இரண்டு கால்களும் பழகிய ஒரு தலைமுறை உருவாயிற்று.

இம்முறைக்கும் ஒழுக்கத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு உண்டு என்பது என் துணிபு. பந்தை நெடுநேரம் காலில் வைத்திருப்பவனைத்தான் எதிரி உதைக்கிறான். உதைபட்டவன் திரும்ப உதைக்கிறான். முரட்டாட்டம் பெரும்பாலும் இப்படியே தொடங்குகிறது. பந்து ஓரிடத்தில் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால் உதைப்பதற்குக் கால் அகப்படுவதில்லை. அன்றியும், தன் திறமையைக் காட்டும் ஆசையை அடக்கித் தோழனுக்குப் பந்தைத் தரப் பழகியவன் கோபத்தை அடக்குவதற்கும் பாதி பழகியவனே. அவ்வணியினர் போலீஸ் ஊழியர்கள் என்பதையும் மறத்தல் ஆகாது. பந்தாட்டம் அவர்களுக்குத் தொழிலன்று. கோடி ரூபாய் ஒப்பந்தங்கள் அவர்கள் கனவிலும் வந்திரா.

இப்பள்ளியோடு நம்மவர் இருவருக்குத் தொடர்பு உண்டு. ஒருவர் துளசிதாஸ் பலராமன். 1936-இல் செகந்திராபாத்தை அடுத்த அம்முகுடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1956, 1957 ஆகிய ஆண்டுகளின் சந்தோஷ் கோப்பைப் போட்டிகளில் ஹைதராபாத் வாகை சூடியபோது களத்தில் இருந்தவர். மெல்போர்ன், ரோம் ஆகிய இரண்டு ஒலிம்பிக் போட்டிகளுக்கும் சென்றவர். 1960-இல் ரோமில் ஹங்கேரிக்கு எதிராக ஒன்றும் பெரு நாட்டுக்கு எதிராக ஒன்றுமாக இரண்டு கோல்கள் அடித்தவர். மற்றவர் பீட்டர் தங்கராஜ். 1935-இல் இந்நகரத்திலேயே பிறந்து, செகந்திராபாத் சங்கங்களில் முன்வரிசையில் ஆடிப் பின்னர்ப் படையில் சேர்ந்தவர். நீலகிரி மலையில் வெல்லிங்டனிலுள்ள மதராஸ் ரெஜிமெண்ட் நிலையத்தில் கோல்காப்பாளராக மாறினார். அந்நிலையத்தின் அணி 1955-இலும் 1958-இலும் டூரண்டு கோப்பையை வென்றது. ஆசியாவின் தலைசிறந்த கோல்காப்பாளர் என 1958-இல் அவர் போற்றப்பட்டார்.

இனி 1962-ஆம் ஆண்டுக்கு வருவோம். பந்தாட்ட ஒழுக்கத்தின் வரலாற்றில் அது இருமுகம் கொண்ட ஆண்டு. அவ்வாண்டு ஜூன் 2-ஆம் நாள் சிலி நாட்டின் சாந்தியாகோ நகரில் சிலியும் இத்தாலியும் உலகக் கோப்பைக்காக மோதின. இத்தாலியப் பத்திரிகையாளர் சிலர் சிலி நாட்டை இழித்து எழுதியிருந்தனர். அந்தப் புண் ஆறுமுன்பே ஆட்டம் வந்துவிட்டது. தொடங்கிய சில நிமிடங்களிலேயே இத்தாலியின் ஃபெரீனி வெளியேற்றப்பட்டார்; அவர் போக மறுக்கவே போலீசார் களத்துக்குள் வந்து அவரை அழைத்துச் செல்ல நேர்ந்தது. சிலியின் சாஞ்செஸ் எதிரணியினரைக் கைமுட்டியால் குத்தினார். ஒருவருக்கு மூக்கெலும்பு முறிந்தது. குத்தியவரோ கடைசிவரை களத்தில் நின்றார். பிறகு இத்தாலியரில் இன்னொருவரும் வெளியேற்றப்பட்டார். சிலி இரண்டு கோல்களால் வென்றது. அவ்வாட்டம் இன்றளவும் சாந்தியாகோப் போர் என்றே வழங்குகிறது. அதன் நடுவர் இங்கிலாந்தைச் சேர்ந்த கென் ஆஸ்டன். அவரும் ஒரு பள்ளி ஆசிரியர் என்பது கருதத்தக்கது.

மூன்று திங்கள் கழிந்தன. ஆகஸ்டுத் திங்களின் இறுதியில் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு விழா தொடங்கிற்று. இந்தோனேசிய அரசு இஸ்ரேலையும் தைவானையும் அழைக்காமல் விட்டது. ஆசிய விளையாட்டு இயக்கத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரான இந்தியர் குருதத் சோந்தி இதனை முறைகேடென்று கண்டித்தார். அவ்விழாவுக்கு ஆசிய விளையாட்டு என்ற பெயரே பொருந்தாது என்றார். விளைவு, அந்நகரத்து மக்களின் சினம் இந்தியர் அனைவர்மீதும் திரும்பியது. இந்தியத் தூதரகம் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. இந்தியக் கொடி தாங்கிய வண்டியில் போவதே ஆபத்து என்றாயிற்று. தலைப்பாகை அடையாளம் காட்டிவிடுமே என்று சீக்கிய ஆட்டக்காரர் பேருந்தின் தளத்தில் அமர்ந்து சென்றதாக அவ்வணியினர் பின்னாளில் நினைவு கூர்ந்தனர். சோந்தி சொன்னது நியாயமே என்பது என் கருத்து. ஆனால் அந்நியாயத்தின் விலையைக் கட்டியவர்கள் அதனைப் பேசாத பதினொரு பேர்.

அணியின் நிலையும் நன்றாயில்லை. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் இரண்டு கோல்களில் தோல்வி. தாய்லாந்தை 4-1 என வென்ற ஆட்டத்தில் தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட நேர்ந்தது. தங்கராஜ் காய்ச்சலில் கிடந்தார். ஜப்பானை 2-0, அரையிறுதியில் தென் வியட்நாமை 3-2 என வென்று இறுதி ஆட்டத்துக்கு வந்தபோது, எதிரே மீண்டும் தென் கொரியா. ரஹீம் சாகிபின் உடலிலோ புற்றுநோய் வேரூன்றியிருந்தது. இறுதி ஆட்டத்துக்கு முன்பு தம் பிள்ளைகளிடம் அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: நாளை எனக்குத் தங்கப் பதக்கத்தைப் பரிசாகத் தாருங்கள் என்பதே அது.

செப்டம்பர் 4-ஆம் நாள். செனயான் மைதானத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள். இந்தியர் காலில் பந்து பட்டபோதெல்லாம் கூச்சல் எழுந்தது. இந்தியருக்காகக் குரல் கொடுத்த சிறு கூட்டம் ஒன்றும் இருந்தது. அவர்கள் யாரெனின், ஹாக்கி இறுதி ஆட்டத்தில் நம்மை வென்று தங்கம் பெற்றிருந்த பாகிஸ்தான் அணியினர்! எதிரியென்று நாம் கருதுவோர் ஆடுகளத்தின் ஓரத்தில் எப்படி இருந்தனர் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

ரஹீம் சாகிப் தலையில் தையலோடு இருந்த ஜர்னைல் சிங்கை முன்வரிசைக்கு மாற்றினார். தங்கராஜைக் கோலில் நிறுத்தினார். பலராமனும் ஹைதராபாத்தின் யூசுப் கானும் களத்தில் இருந்தனர். பதினேழாம் நிமிடத்தில் பி.கே. பானர்ஜி ஒரு கோல். மூன்று நிமிடம் சென்று ஜர்னைல் சிங் ஒரு கோல். இறுதிக் கட்டத்தில் கொரியா ஒன்றைத் திருப்பியது. 2-1. சாந்தியாகோவில் கூட்டம் சொந்த அணியின் பக்கம் நின்றும் ஆட்டக்காரர் மதியிழந்தனர். ஜகார்த்தாவிலோ மைதானம் முழுதும் தூற்றியும் இந்தியர் கால்கள் பந்தை மட்டுமே நாடின. அவர்களைத் தடுத்து நிறுத்த எந்த அட்டையும் அன்று இல்லை. 1963 ஜூன் 11-ஆம் நாள் ரஹீம் சாகிப் மறைந்தார்.

சாந்தியாகோவின் நினைவு கென் ஆஸ்டனை விடவில்லை. 1966-இல் இங்கிலாந்தில் நடந்த உலகக் கோப்பையில் நடுவர்களுக்குப் பொறுப்பாளராக அவர் இருந்தார். இங்கிலாந்துக்கும் அர்ஜெண்டினாவுக்கும் நடந்த ஆட்டத்தில் ஜெர்மானிய நடுவர், அர்ஜெண்டினாத் தலைவர் ரத்தீனை வெளியே போகச் சொன்னார். ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது. ரத்தீன் நெடுநேரம் நகரவில்லை. அதே ஆட்டத்தில் தாங்கள் எச்சரிக்கப்பட்டதையே அறியாமல் இங்கிலாந்தின் சார்ல்டன் சகோதரர்கள் வீடு திரும்பினர். பின்பு லண்டன் வீதியொன்றில் வண்டியோட்டிச் செல்கையில் போக்குவரத்து விளக்கின் மஞ்சளும் சிவப்பும் ஆஸ்டனின் கண்ணில் பட்டன. மொழி தெரியாதவனுக்கும் நிறம் தெரியுமே! அட்டைகள் பிறந்த கதை இது. 1970-இல் சிவப்பு அட்டைக்கு வேலையே வரவில்லை. 1974-இல்தான் உலகக் கோப்பையில் முதன்முதலாக ஒருவர் அதனைப் பெற்றார். அவரும் சிலி நாட்டினரே, பெயர் காஸ்ஸெலி.

அட்டைக்குப் பின் வந்தது அபராதம். 2006-இல் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பிரான்ஸின் ஜிதான் இத்தாலியின் மத்தெராஸியை மார்பில் தலையால் முட்டினார். ஜிதானுக்கு 7,500 சுவிஸ் பிராங்கும், வாயால் வம்பு வளர்த்த மத்தெராஸிக்கு 5,000 பிராங்கும் அபராதம் விதித்தது ஃபிஃபா. 2014-இல் உருகுவேயின் சுவாரெஸ் எதிரணி வீரரின் தோளைக் கடித்ததற்கு ஒரு லட்சம் பிராங்கு அபராதம். ஒன்பது சர்வதேச ஆட்டங்களுக்குத் தடை. நான்கு மாதங்கள் பந்தாட்டம் சார்ந்த எதிலும் ஈடுபடக் கூடாதென்ற ஆணை. இவ்வீரர்களின் வருவாயை நினைத்தால் பணத் தண்டனை கொசுக்கடியே. சுவாரெஸை வருத்தியது தடைதானே அன்றிப் பிராங்கு அன்று.

ஒழுக்கத்துக்குப் புள்ளி போடவும் கற்றுவிட்டனர். மஞ்சள் அட்டைக்கு ஒரு புள்ளி கழிவு, நேரடிச் சிவப்புக்கு நான்கு கழிவு என்பது கணக்கு. 2018-இல் ஜப்பானும் செனகலும் வெற்றிப் புள்ளியிலும் கோல்களிலும் சமமாக நின்றபோது, செனகலுக்கு ஆறு மஞ்சள் அட்டை, ஜப்பானுக்கு நான்கு என்ற ஒரே வேற்றுமையால் ஜப்பான் அடுத்த சுற்றுக்குச் சென்றது. நல்லொழுக்கத்துக்குப் பரிசு என்று மகிழலாம். ஆனால் அன்று போலந்திடம் ஒரு கோல் பின்தங்கியிருந்த ஜப்பானியர், இன்னொரு அட்டை வாங்கிவிடலாகாதே என்று கடைசி நிமிடங்களில் பந்தைத் தம்முள்ளேயே தட்டிக்கொண்டு நின்றனர், மைதானம் சீழ்க்கையடித்தது. விதி கெடவில்லை, ஆட்டம் கெட்டது.

நம் நாட்டுக் கணக்கும் உண்டு. 1980 ஆகஸ்டு 16-ஆம் நாள் கல்கத்தா ஈடன் தோட்டத்தில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் ஆடியபோது, களத்தில் இருவரிடையே மூண்ட முரட்டு மோதல் பார்வையாளர் மாடத்துக்குப் பரவி, நெரிசலில் பதினாறு ரசிகர்கள் மாண்டனர். அதற்கு எந்த அபராதம் ஈடு? 2012 டிசம்பர் 9-இல் இதே இரு அணிகளின் ஆட்டத்தில் கல்வீச்சில் ஒரு வீரர் காயமுற, இடைவேளைக்குப்பின் மோகன் பகான் களமிறங்க மறுத்தது. முதலில் ஈராண்டுத் தடை விதித்தனர். பின்பு அதனை நீக்கி, இரண்டு கோடி ரூபாய் அபராதமும் பெற்ற புள்ளிகள் யாவும் இழப்பும் என்று மாற்றினர். பெரிய சங்கமாயிருந்தால் தடை கரைந்து பணமாகிவிடும் என்ற எண்ணத்தை இது விதைக்கவில்லையா?

2023 மார்ச் 3-ஆம் நாள் பெங்களூரில் நிகழ்ந்தது நமக்கு இன்னும் அணுக்கமானது. செகந்திராபாத்தில் பிறந்த சுனில் சேத்ரி, கேரளா பிளாஸ்டர்ஸ் வீரர்கள் தடுப்பு வரிசை அமைக்குமுன்பே இலவச உதையைக் கோலுக்குள் தட்டிவிட்டார். நடுவர் விசிலுக்காகக் காத்திருக்கவேண்டும் என்று அவர் தனியே அறிவித்தாலன்றி, அவ்வாறு விரைந்து உதைப்பது விதிக்கு உட்பட்டதே. ஆயினும் கேரள அணியின் பயிற்சியாளர் தம் வீரர்களைக் களத்தைவிட்டு அழைத்துச் சென்றுவிட்டார். அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் அணிக்கு நான்கு கோடி ரூபாய் அபராதமும், பயிற்சியாளருக்கு ஐந்து லட்சம் ரூபாயும் பத்து ஆட்டத் தடையும் விதித்தது. பகிரங்கமாக மன்னிப்புக் கேளாவிடில் அணியின் அபராதம் ஆறு கோடியாகும் என்றும் ஆணையிட்டது. மன்னிப்புக்கு இரண்டு கோடி விலை! வருத்தம் மனத்தில் பிறப்பது என்று நாம் எண்ணியிருந்தோம். சேத்ரி செய்தது விதிப்படி சரியா என்று நம் பிள்ளைகள் கேட்டால் சரி என்போம். பயிற்சியாளர் செய்தது சரியா என்று கேட்டால் தவறு என்போம். தீர்ப்பு பிடிக்காவிடினும் ஆடி முடித்துவிட்டே முறையிடவேண்டும். ஜகார்த்தாவில் களத்தைவிட்டு வெளியேற நம்மவர்க்கு இருந்த காரணங்களை எண்ணிப் பாருங்கள்.

ரஹீம் சாகிபின் மைந்தரைப் பற்றிச் சொல்லாமல் இதனை முடித்தல் இயலாது. சையத் ஷாஹித் ஹக்கீம் 1939-இல் பிறந்தவர். தந்தையின் பயிற்சியிலேயே வளர்ந்த ஆட்டக்காரர். 1960-இல் ரோம் ஒலிம்பிக் அணியில் அவருக்கும் இடம் கிடைத்தது. அணியின் பயிற்சியாளர் தந்தையே; ஆயினும் ஒரு ஆட்டத்திலும் மகன் களமிறங்கவில்லை. இன்றைய நாளில் இதனை எத்தனை தந்தையர் செய்வர் என்று நான் கேட்கவில்லை, அவரவர் அறிவர்.

ஹக்கீம் விமானப் படையில் சேர்ந்து ஸ்குவாட்ரன் லீடர் ஆனார். பிறகு நடுவராகி ஃபிஃபாவின் அங்கீகாரமும் பெற்றார். முப்பத்துமூன்று சர்வதேச ஆட்டங்களில் பணியாற்றினார். 1982-இல் டெல்லி ஆசிய விளையாட்டில், ஜகார்த்தாவின் முதல் கோலை அடித்த பி.கே. பானர்ஜிக்குத் துணைப் பயிற்சியாளராயும் இருந்தார். 2017-இல் தியான்சந்த் விருது பெற்று, 2021 ஆகஸ்டு 22-ஆம் நாள் குல்பர்காவில் காலமானார். தந்தையின் ஜகார்த்தா வெற்றிக்கு இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின், 1988-இல் கத்தார் நாட்டில் ஆசியக் கோப்பைப் போட்டிகள் நடந்தபோது, நடுவராகக் களத்துக்குச் சென்றவர்களுள் அவரும் ஒருவர். அப்போது அவர் சட்டைப்பையில் ஆஸ்டனின் இரண்டு அட்டைகளும் இருந்தன.